ரீஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!

ஒரகடம் கூட்டு ரோட்டில் இரவு பதினொரு மணிக்கு மேல் நின்று பார்த்திருக்கிறீர்களா? வண்டலூர் - வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில் - ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் இடம் அது. மூன்றாவது ஷிப்ட்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் ஒரு பக்கம் போகும். இன்னொரு பக்கம், துறைமுகத்துக்குப் போகிற, துறைமுகத்திலிருந்து வருகிற கன்டெய்னர் லாரிகள் ரயில்பெட்டி மாதிரி நீளமாக நிற்கும். டீக்கடையில் மட்டும் பகல் போலவே கூட்டம்.

இந்தப் பக்கத்தில் ‘கன்டெய்னர்’ என்றால் எல்லோருக்கும் அந்த இரும்புப் பெட்டிதான். எனக்கு மட்டும் அது வேறு. ஒரு கல்யாணத்தில் பெரியப்பா அம்மாவிடம் கேட்டார்: “பையன் என்ன வேலை பார்க்கறான்?” அம்மா பெருமையாகச் சொன்னார்: “கன்டெய்னர் பார்த்துக்கறான்.” பெரியப்பா உடனே, “ஹார்பர்லயா?” என்றார். நான் ஒன்றும் விளக்கம் சொல்லவில்லை. ஏனென்றால், அவர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

நான் பார்த்துக்கொள்வது சாஃப்ட்வேர் கன்டெய்னர்களை. ஒரகடத்தில் கார்களுக்கு சீட் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. 2021-ல், வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களில், ஒரு ராத்திரி நான் செய்யப்போன தப்பையும், அதிலிருந்து கற்றதையும்தான் இங்கே சொல்லப்போகிறேன். உங்கள் வீட்டிலும் ராத்திரி இரண்டு மணிக்கு போன் வந்து, லேப்டாப்பைத் திறந்து உட்காருகிற ஒரு பிள்ளை இருக்கலாம். அந்தப் பிள்ளை என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ளவும் இது உதவும்.

இரும்புப் பெட்டியிலிருந்து வந்த பெயர்

முதலில் அந்தப் பெயருக்கு வருவோம். 1956 ஏப்ரல் 26-ம் தேதி அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பல் 58 இரும்புப் பெட்டிகளோடு ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. அனுப்பியவர் மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளி. அதுவரை மூட்டை, பீப்பாய், மரப்பெட்டி என்று ஒவ்வொன்றாகத் தூக்கித்தான் கப்பலில் ஏற்றினார்கள். மெக்லீன் சரக்கைப் பெட்டியில் வைத்து மூடி, பெட்டியையே தூக்கி வைத்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று கிரேனுக்குத் தெரிய வேண்டியதில்லை. பெட்டியின் அளவு சரியாக இருந்தால் போதும். சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் 1983-ல் வந்தது. அப்படி ஒன்று வந்திராவிட்டால், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ நிசான் என்று இந்தப் பகுதி இப்படி ஆகியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

சாஃப்ட்வேரிலும் இதே தொல்லை இருந்தது. எழுதியவர் கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராம், ஆலையில் இருக்கும் கம்ப்யூட்டரில் ஓடாது. “என் மெஷின்ல ஓடுதே சார்!” என்பது எங்கள் துறையின் பழைய பல்லவி. ஒருவர் மெஷினில் ஒரு லைப்ரரியின் புதிய பதிப்பு இருக்கும், இன்னொருவரிடம் பழையது இருக்கும்.

என் அம்மா பெங்களூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகும்போது சாம்பார் பொடி, காபிப் பொடி, ஃபில்டர், ஏன், புளி வரைக்கும் கட்டி எடுத்துப் போவார். “அங்க இருக்கறத வச்சு நம்ம ருசி வராதுடா” என்பார். அக்கா வீட்டில் அடுப்பும் தண்ணீரும் மட்டும் இருந்தால் போதும், எங்கள் வீட்டு சாம்பார் அங்கேயும் வந்துவிடும். சாஃப்ட்வேர் கன்டெய்னரும் அதுதான். புரோகிராமோடு, அதற்குத் தேவையான எல்லாச் சாமான்களையும் ஒரே பெட்டியில் கட்டி அனுப்புவது. அந்தக் கட்டுக்கு ‘இமேஜ்’ என்று பெயர். அதைப் பிரித்து ஓடவிட்டால் ‘கன்டெய்னர்’.

2013 மார்ச் மாதம் அமெரிக்காவில் நடந்த பைத்தான் மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ் என்பவர் சில நிமிடங்களில் செய்து காட்டிய ‘டாக்கர்’தான் இதை எல்லோர் கைக்கும் கொண்டுவந்தது. முதுகில் பெட்டிகளைச் சுமக்கும் திமிங்கலம்தான் அதன் சின்னம். அடுத்த ஆண்டே, நூற்றுக்கணக்கான கன்டெய்னர்களை மேய்ப்பதற்கு கூகுள் ‘குபர்நெட்டீஸ்’ என்ற கருவியை வெளியிட்டது. கிரேக்க மொழியில் அந்தச் சொல்லுக்குக் கப்பலைச் செலுத்துபவர் என்று பொருள். நம் தமிழில் ‘மீகாமன்’ என்று அழகான சொல்லே இருக்கிறது. ஆக, பெரியப்பா ஹார்பர் என்று கேட்டது ரொம்பத் தப்பில்லை!

ஒண்டுக்குடித்தனம்

கன்டெய்னர் தனிப்பெட்டி என்றேன். முழுக்கத் தனி அல்ல. இங்கேதான் பாதிப் பிரச்னைகள் பிறக்கின்றன.

பழைய ஒண்டுக்குடித்தன வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு குடித்தனம், நான்கு கதவு, நான்கு பூட்டு. ஒருவர் வீட்டுச் சமையல் இன்னொருவருக்குத் தெரியாது. ஆனால் தண்ணீர்த் தொட்டி ஒன்று, மின்சார மீட்டர் ஒன்று. ஒரு வீட்டில் குழாயை மூடாமல் ஊருக்குப் போய்விட்டால், நான்கு வீட்டுக்கும் தண்ணீர் இல்லை. பாதிக்கப்பட்டவர் ஒருவர், காரணம் இன்னொருவர்.

ஒரே சர்வரில் ஓடும் கன்டெய்னர்களும் அப்படித்தான். ஒவ்வொன்றும் தான் மட்டும் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். ஆனால் மெமரியும் டிஸ்க்கும் பொது. அதனால்தான், நின்றுபோன கன்டெய்னரை மட்டும் உற்று உற்றுப் பார்த்தால் காரணம் அகப்படாது. பக்கத்துக் குடித்தனத்தையும், தொட்டியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்த ராத்திரி

எங்கள் ஆலையில் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு பார்கோடு லேபிள் ஒட்டுவோம். எந்த சீட், எந்த காருக்கு, எந்த ஷிப்ட்டில் செய்தது, போல்ட் எவ்வளவு இறுக்கத்தில் முறுக்கப்பட்டது - எல்லாம் அந்த எண்ணுக்கு எதிரே டேட்டாபேஸில் பதிவாகும். நாளைக்கு ஒரு காரில் சீட் ஆடுகிறது என்று புகார் வந்தால், அந்தப் பதிவுதான் சாட்சி.

இன்னொன்று. கார் ஆலையில் லைனில் வரும் வரிசைப்படியே சீட்டும் போக வேண்டும். வெள்ளைக் கார், அடுத்து சிவப்பு, அடுத்து விலை கூடிய மாடல் என்றால், லாரியிலும் அதே வரிசை. அங்கே சீட்டை அடுக்கி வைக்கக் கிடங்கு இல்லை. எங்கள் லாரி தாமதமானால் அவர்கள் லைன் நிற்கும். லேபிள் இல்லாத சீட்டை லாரியில் ஏற்றவும் முடியாது.

ராத்திரி 2.10. லைன் சூப்பர்வைசர் போன்: “தம்பி, லேபிள் வரல. ஆளுங்க சும்மா நிக்கறாங்க. மூணு மணிக்கு வண்டி எடுக்கணும்.”

எனக்குப் பதற்றமே இல்லை. ஏனென்றால் இது மூன்றாவது முறை. இரண்டு வாரத்துக்கு முன்பும் நின்றது; போன வாரமும் நின்றது. இரண்டு முறையும் எல்லா கன்டெய்னர்களையும் ‘டவுன்’ கொடுத்து, ‘அப்’ கொடுத்தேன். ஓடியது. ரெஜிஸ்டரில் ‘ரீஸ்டார்ட் செய்யப்பட்டது, சரியானது’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன்.

ஆனால் போன முறை காலையில் எங்கள் டீம் லீடர் - அண்ணா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம் - அந்த ரெஜிஸ்டரைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்.

“லாக்ல என்ன இருந்துச்சு?”

“பார்க்கலண்ணா. டவுன் பண்ணதும் கன்டெய்னரோட லாக்கும் போயிடுச்சு.”

“அப்போ எதுனால நின்னுச்சுன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அப்புறம் எப்படிப்பா ‘சரியானது’ன்னு எழுதின?”

அதனால் இந்த முறை ‘டவுன்’ கொடுக்கவில்லை. முதலில் நிலவரம் பார்த்தேன். லேபிள் புரோகிராமும் டேட்டாபேஸும் ‘ரீஸ்டார்ட்டிங்’ என்று காட்டின. எழுந்து, விழுந்து, எழுந்து, விழுந்துகொண்டிருந்தன. டிஸ்க்கைப் பார்த்தேன். 100 சதவிகிதம் நிரம்பியிருந்தது. தொட்டி காலி என்று தெரிந்துவிட்டது. ஆனால் எந்தக் குழாய் திறந்திருக்கிறது என்று தேடாமல், அவசரப்பட்டேன்.

எல்லாவற்றையும் ‘ஸ்டாப்’ செய்தேன். டாக்கரில் இடத்தைக் காலி பண்ணுவது எப்படி என்று நெட்டில் தேடினேன். ‘சிஸ்டம் ப்ரூன்’ என்ற கட்டளை, பின்னால் ‘வால்யூம்ஸ்’ என்று ஒரு வால். வேண்டாததையெல்லாம் ஒரே அடியில் கூட்டித் தள்ளும் என்று போட்டிருந்தது. அடித்துவிட்டேன். “நிச்சயமாகவா?” என்று திரை கேட்டது. அந்த நேரத்தில் அண்ணாவின் போன். சூப்பர்வைசர் அவரையும் எழுப்பியிருக்கிறார்.

“என்னப்பா பண்ணிட்டிருக்க?”

திரையில் இருந்ததைப் படித்தேன்.

“கைய எடு! கீபோர்டுலேருந்து கைய எடு முதல்ல!”

அழியப்போனது எது?

அவர் ஏன் அப்படிக் கத்தினார் என்று அப்போது புரியவில்லை. கன்டெய்னர் என்பது எப்போது வேண்டுமானாலும் தூக்கிப்போட்டு, அதே இமேஜிலிருந்து புதிதாக எடுத்துக்கொள்ளக்கூடியது. அதனால் அழியக் கூடாத விஷயங்களை அதற்குள் வைக்க மாட்டோம். வெளியே ‘வால்யூம்’ என்ற தனி இடத்தில் வைப்போம். வாடகை வீட்டுக்காரர் மாறலாம். பத்திரம் பேங்க் லாக்கரில் இருக்கிற மாதிரி.

நான் அடித்த கட்டளை, நின்றுபோன கன்டெய்னர்களை முதலில் அழிக்கும். அவை போனபின், வால்யூமுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. ‘யாரும் பயன்படுத்தாத வால்யூம்’ என்று அதையும் அழித்துவிடும். அதில்தான் எங்கள் லேபிள் டேட்டாபேஸ் இருந்தது. ஒரே ஒரு ‘ஒய்’ எழுத்தில், மாதக்கணக்கான போல்ட் பதிவுகள் காணாமல் போயிருக்கும். 2023-ல் வந்த டாக்கர் 23.0 பதிப்பிலிருந்து பெயர் வைத்த வால்யூம்களை அந்தக் கட்டளை தொடுவதில்லை. ஆனால் பழைய பதிப்புகள் எத்தனை ஆலைகளின் மூலையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றனவோ!

“பேக்கப் இருக்கேண்ணா” என்றேன். “எங்க இருக்கு?” என்றார். பார்த்தேன். அதே சர்வரில், அதே டிஸ்க்கில். முந்தைய இரவு எடுத்த பேக்கப் ஃபைலின் அளவு: பூஜ்யம். டிஸ்க்கில் இடம் இல்லாததால், பேக்கப்பும் பெயரளவுக்குத்தான் நடந்திருக்கிறது.

எனக்கு அப்போதுதான் கை நடுங்க ஆரம்பித்தது.

குழாய் எது?

அண்ணா போனிலேயே ஒவ்வொன்றாகச் சொன்னார். எந்த ஃபோல்டர் பெரிது என்று பார்த்துக்கொண்டே போனோம். லேபிள் புரோகிராம் கன்டெய்னரின் லாக் ஃபைல் ஒன்று மட்டும் 38 ஜி.பி. டாக்கரில் நாமாக வரம்பு வைக்காவிட்டால், லாக் ஃபைல் டிஸ்க் நிரம்பும்வரை வளர்ந்துகொண்டே போகும். இது பலருக்குத் தெரியாது, எனக்கும் தெரியவில்லை.

“உடனே காலி பண்ணாத. கடைசி ஆயிரம் வரிய வேற மெஷின்ல காப்பி எடு” என்றார். எடுத்தேன். நேரம் 20.40 என்று இருந்தது. “ராத்திரி எட்டே முக்காலுக்கே நின்னுடுச்சாண்ணா?” என்றேன். சிரித்தார். பெரும்பாலான கன்டெய்னர்கள் உலகப் பொது நேரத்தில்தான் எழுதும். நம் நேரத்துக்கு 5.30 மணி கூட்ட வேண்டும். 20.40 என்றால் நமக்கு 2.10. போன் வந்த அதே நேரம்.

ஆயிரம் வரியிலும் ஒரே புலம்பல்: ‘ஆறாம் நம்பர் பிரின்டர் கிடைக்கவில்லை.’ விநாடிக்குப் பல முறை, ஒவ்வொரு முறையும் ஒரு பக்க நீளத்துக்கு.

“கடைசியா இங்க என்ன மாத்துனாங்க?” என்று கேட்டார் அண்ணா. சூப்பர்வைசரிடம் கேட்டேன். “ஆறாம் நம்பரா? அத மூணு வாரம் முன்னாடியே கழட்டி ஸ்டோர்ல போட்டாச்சே தம்பி!”

அவ்வளவுதான் விஷயம். பிரின்டரைக் கழற்றியவர்கள் எங்களிடம் சொல்லவில்லை. புரோகிராம் அதைத் தேடிக்கொண்டே இருந்தது. கிடைக்கவில்லை என்று எழுதிக்கொண்டே இருந்தது. டிஸ்க் நிரம்பியது. எழுத இடம் இல்லாமல் டேட்டாபேஸ் விழுந்தது. நான் முன்பு இரண்டு முறை ‘டவுன்’ கொடுத்தபோது, லாக் ஃபைலும் சேர்ந்து அழிந்து இடம் கிடைத்தது. அதனால் ஓடியது. நான் சரி பண்ணவில்லை. தொட்டியை நிரப்பிவிட்டு, குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

லாக்கைக் காலி செய்து, செட்டிங்கில் ஆறாம் நம்பர் பிரின்டரின் வரியை எடுத்துவிட்டு, கன்டெய்னர்களைக் கிளப்பினோம். 2.55-க்கு முதல் லேபிள் வந்தது. வண்டி இருபது நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. சாலை காலியாக இருந்ததால் தப்பித்தோம்.

டொயோட்டாவுக்கே வந்தது

‘சின்னக் கம்பெனி, அதனால் இப்படி’ என்று நினைத்துவிடாதீர்கள். 2023 ஆகஸ்ட் 29-ம் தேதி ஜப்பானில் டொயோட்டாவின் 14 கார் ஆலைகளும் நின்றன. சைபர் தாக்குதலோ என்று உலகமே பேசியது. கம்பெனி பிறகு வெளியிட்ட விளக்கம் எளிமையானது. இரண்டு நாள் முன்பு நடந்த பராமரிப்பு வேலையில், டேட்டாபேஸைச் சுத்தம் செய்யும்போது டிஸ்க்கில் இடம் போதவில்லை. உதிரிபாகங்களுக்கு ஆர்டர் போடும் சிஸ்டம் நின்றது. மாற்று சர்வர்களும் அதே அமைப்பில் இருந்ததால், அவையும் அதே காரணத்தால் கைகொடுக்கவில்லை. பெரிய டிஸ்க் உள்ள சர்வருக்கு மாற்றி, மறுநாள்தான் ஆலைகளை ஓட்டினார்கள். அதைப் படித்தபோது, எங்கள் பூஜ்ய அளவு பேக்கப் ஃபைல்தான் என் கண்ணில் நின்றது.

நான் அழுத்தாமல் தப்பித்த பட்டனை அழுத்தியவர்களும் உண்டு. 2017 ஜனவரி 31 இரவு, கிட்லேப் என்ற சாஃப்ட்வேர் நிறுவனத்தில் ஒரு இன்ஜினீயர், மாற்று சர்வரில் அழிக்க வேண்டிய டேட்டாபேஸை அசல் சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு விநாடிகளில் நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜி.பி.யில் மிஞ்சியது 4.5 ஜி.பி.தான். ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடுகள் இருந்தும் ஒன்றும் சரியாகக் கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்திருந்த ஒரு பிரதியை வைத்துத்தான் மீண்டார்கள்.

அந்த நிறுவனம் அடுத்துச் செய்ததுதான் முக்கியம். நடந்ததை ஒளிக்கவில்லை. மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். எது எப்படித் தவறியது என்று முழு அறிக்கை வெளியிட்டார்கள். அந்த இன்ஜினீயரை வேலையை விட்டு அனுப்பவில்லை.

இந்த வேலையில் இருப்பவர்களுக்கு

இன்று என்னிடம் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது இவைதான்.

முதலில் பார், பிறகு தொடு: எது ஓடுகிறது, எது விழுந்தது, கடைசி லாக் என்ன, டிஸ்க்கிலும் மெமரியிலும் எவ்வளவு மிச்சம் - இந்த நான்கையும் பார்க்க இரண்டு நிமிடம் போதும். லாக்கை வேறு இடத்தில் காப்பி எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். குபர்நெட்டீஸில் விழுந்து எழுந்த கன்டெய்னரின் முந்தைய லாக்கைப் பார்க்க ‘ப்ரீவியஸ்’ என்று தனி வசதியே இருக்கிறது.

சாகும்போது சொன்ன எண்ணைக் கேள்: நின்ற கன்டெய்னர் ஒரு எண்ணை விட்டுப் போகும். 137 என்றால் வெளியிலிருந்து கொன்றிருக்கிறார்கள் என்று பொருள். 128-உடன், கொல்லும் சிக்னலின் எண்ணான 9 சேர்ந்தது அது. பெரும்பாலும் கொடுத்த மெமரி வரம்பைத் தாண்டியிருக்கும். ஒருமுறை சோதித்து உறுதி செய்துகொள்ளுங்கள். 127 என்றால் ஓடவேண்டிய கட்டளையே பெட்டிக்குள் இல்லை. 0 என்றால் அது சாகவே இல்லை. வேலை முடிந்து போய்விட்டது.

‘கிராஷ் லூப்’ என்றால் பயப்படாதே: விழுந்த கன்டெய்னரை குபர்நெட்டீஸ் திரும்ப எழுப்பும். மறுபடி விழுந்தால் 10 விநாடி, 20, 40 என்று இடைவெளியைக் கூட்டி, 5 நிமிடம் வரை காத்திருந்து எழுப்பும். அது நோயல்ல, மருந்து கொடுத்துப் பார்க்கிறது. நோய் லாக்கில்தான் இருக்கிறது.

‘லோக்கல்ஹோஸ்ட்’ என்றால் யார் வீடு?: பக்கத்து வீட்டில் உட்கார்ந்துகொண்டு “சர்க்கரை நம்ம வீட்ல இருக்கு” என்றால் எந்த வீடு? கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்த கன்டெய்னரேதான். டேட்டாபேஸ் இன்னொரு கன்டெய்னரில் இருந்தால், அதன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ‘கனெக்‌ஷன் கிடைக்கவில்லை’ என்கிற புகார்களில் பல, இந்த ஒரு குழப்பத்தால் வருபவை.

‘லேட்டஸ்ட்’டை நம்பாதே: இமேஜுக்குப் பதிப்பு எண் போடாமல் ‘லேட்டஸ்ட்’ என்று விட்டால், நேற்று இறங்கியதும் இன்று இறங்குவதும் ஒன்றாக இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. எண் போட்டால்தான், புதியது மக்கர் பண்ணும்போது பழையதற்குத் திரும்ப முடியும்.

லாக்குக்கு வரம்பு வை: ஒரு ஃபைல் 10 எம்.பி., மூன்று ஃபைல் போதும் என்று இரண்டு வரி எழுதினால் முடிந்தது. அந்த இரண்டு வரி இருந்திருந்தால், என் கதையே இல்லை.

பேக்கப்பை வேறு வீட்டில் வை: மாதம் ஒருமுறை அதைத் திறந்து, டேட்டா திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பேக்கப், எண்ணிப் பார்க்காத உண்டியல்.

ராத்திரி எதையும் அழிக்காதே: அழித்தே ஆக வேண்டும் என்றால், இன்னொருவரை எழுப்பி, திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டு அழியுங்கள். என்னைக் காப்பாற்றியது அதுதான்.

காலை மீட்டிங்

மறுநாள் காலை மீட்டிங்கில் பிளான்ட் ஹெட் கேட்டார்: “யார் தப்பு?”

நான் எழுந்திருக்கப் போனேன். அதற்குள் அண்ணா பேசிவிட்டார். “இந்த சிஸ்டத்த போட்டது நான் சார். லாக்குக்கு லிமிட் வைக்காதது என் தப்பு. பேக்கப்ப அதே டிஸ்க்குல வச்சதும் நான்தான். பிரின்டர கழட்டினா ஐ.டி.க்குச் சொல்லணும்னு யாருக்கும் நாம சொல்லித் தரல. இந்தத் தம்பி மூணாவது தடவை லாக்க அழிக்காம வச்சிருந்தான். அதனாலதான் கண்டுபிடிக்க முடிஞ்சுது.”

அந்தக் கட்டளையை நான் அடித்ததை அவர் சொல்லவில்லை. நானே சொன்னேன். சொல்லாமல் இருந்தால், அடுத்து வருகிறவர் அதே கட்டளையை அதே நெட்டில் தேடி எடுத்து அடிப்பார் என்று தோன்றியது. அறையில் கொஞ்ச நேரம் அமைதி. பிறகு பிளான்ட் ஹெட், “சரி, இனிமே பேக்கப் எங்க இருக்கும்?” என்று கேட்டார். திட்டு விழும் என்று நினைத்த இடத்தில் வேலை நடந்தது. அந்த வாரமே இன்னொரு கட்டடத்தில் தனி டிஸ்க் வந்தது. மெஷினைக் கழற்றினால் கையெழுத்து வாங்க ஒரு படிவமும் வந்தது. திட்டியிருந்தால் நான் அடுத்த முறை வாயைத் திறந்திருக்க மாட்டேன், படிவமும் வந்திருக்காது.

அண்ணா இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறார். ராத்திரி போன் இப்போது எனக்கு வருகிறது. போன மாதம் இரண்டரை மணிக்கு ஒரு போன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமே ஆன பெண். குரலில் நடுக்கம் இருந்தது.

“சார், லேபிள் நின்னுடுச்சு. நான் இன்னும் ரீஸ்டார்ட் பண்ணல சார். லாக்க காப்பி எடுத்து வச்சிருக்கேன். படிக்கட்டுமா?”

“படிம்மா” என்றேன். தூக்கம் போனதில் எனக்கு வருத்தமே இல்லை.